வலது தோளுக்கும் இடது கண்ணுக்கும்

மிர்ட்டில்ஃபோர்டைத் தாண்டி ஆற்றோரமாகப் போகிற சாலையில், அப்பா புகையிலை காயவைத்த கொட்டகையில், நெல்டா ஸோர்ஸி துப்பாக்கிக் கட்டை செய்துகொண்டிருந்தாள். இரும்பு வேலை அவளுக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் ஆசைப்படவில்லை. குழலும் விசையும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும். அவற்றைத் தாங்குகிற மரத்தை மட்டும், பிடிக்கிறவரின் கைநீளம், கழுத்து, கன்னம் பார்த்துப் புதிதாகச் செதுக்கித் தருவாள்.

அதற்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் வாங்கரட்டாவில் ஒரு பல் கூடத்தில் பல்செட்டு செய்தாள். வாய்களை அவள் பார்த்ததில்லை. மெழுகு அச்சுகள் பெட்டியில் வரும், ஓரத்தில் ஒரு குடும்பப் பெயர் எழுதியிருக்கும், அவ்வளவுதான். தான் செய்த பல்லால் ஊரில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. அவளுக்கு ஐம்பத்தாறு வயதானபோது கூடத்தை மூடினார்கள். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். தம்பி பெர்த்தில். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த முதல் குளிர்காலத்தில்தான் அப்பாவின் துப்பாக்கியை வெளியே எடுத்தாள். அப்பா ஆறடி, இவள் ஐந்தடியைத் தொடவில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் கட்டை கன்னத்தில் அறைந்து நீலம் பாய்ந்துவிடும். ஒருநாள் எரிச்சலில் அதை வெட்டிச் செதுக்கித் தன் அளவுக்குக் கொண்டுவந்தாள். வேட்டைக்காரர் சங்கத்தின் செயலாளர் ரஸ்ஸல் டோமாஸின் அதைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தவன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்று செய்து தா என்றான். அப்படி ஆரம்பித்தது.

கை பழகிய வேலைதான். பல்செட்டு சரியாக உட்காருகிறதா என்று பார்க்க நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே மேடு. துப்பாக்கியிலும் அதேதான். இரும்பின் அடியில் விளக்குக்கரியைப் பூசி, மரத்தில் உட்காரவைத்து, மெதுவாகத் தட்டி எடுத்தால் கரி ஒட்டின இடத்தைச் சுரண்ட வேண்டும். மறுபடி பூசி, மறுபடி உட்காரவைத்து, மறுபடி சுரண்டவேண்டும். ஒரு கட்டைக்கு இருநூறு தடவையாவது ஆகும்.

அளவெடுக்கும்போது ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கச் சொல்வாள். தூக்கின பிறகு திறக்கச் சொல்வாள். கண் எங்கே நிற்கிறது, கன்னம் எங்கே பதிகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்து, தாடையில் இரண்டு விரலை வைத்து லேசாகத் திருப்புவாள். வாரக்கணக்கில் அவள் வேறு யாரையும் தொட்டிருக்க மாட்டாள்.

துப்பாக்கியை யாரும் அவளிடம் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தாள். நான் கடைக்காரி இல்லை, இது பொழுதுபோக்கு, கொண்டுவந்தவர் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பாள். அதனால் கட்டை முடிகிறவரை ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். மாடு விலை, மழை, மருமகள் என்று பேசினார்கள். அவள் சுரண்டிக்கொண்டே கேட்பாள்.

மரத்தின் விலை போக, தன் வேலைக்கு இருநூற்றைம்பது டாலர் வாங்குவாள். ரஸ்ஸலுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டான்.

"நூற்றுப்பத்து மணி நேரம் வேலை பாக்குற. மணிக்கு ரெண்டே கால் டாலர். ஆப்பிள் பறிக்கிறவன் உன்னைப் பாத்துச் சிரிப்பான், நெல்டா."

"பொழுதுபோக்குக்கு எதுக்குக் கூலி?"

"சரி, வாங்குறவன் உன் தலையில மிளகா அரைக்கிறான்னு வச்சுக்க."

அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள். சரியான விலை கேட்டால் அவர்களும் எப்போது முடியும் என்று கேட்பார்கள். இவ்வளவு மலிவாகத் தருகிறவளிடம் யார் அவசரப்படுத்துவார்கள்? ஐந்து வாரத்தில் முடிகிற வேலை மூன்று மாதம் போனாலும் பொறுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்திருப்பதற்குத்தான் அவள் அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தாள். இதை அவள் ரஸ்ஸலிடம் மட்டுமல்ல, தன்னிடமேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

லின்ஸி கிராடக் வந்தது ஒரு மார்ச் மாதத்தில். மிட்டா மிட்டா பள்ளத்தாக்கில் மாடு வளர்க்கிறவர், அறுபத்தாறு வயது, மெலிந்த நெட்டை உருவம். முந்தைய வருஷம் வேலிக்கம்பியை இழுத்துக் கட்டும்போது அது அறுந்து வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இடது தோளில் பழைய லாரி விபத்தில் வைத்த இரும்புத் தகடு, துப்பாக்கியின் உதையைத் தாங்காது. கண் இடது, தோள் வலது. நகரத்தில் ஒரு பெரிய கடையில் கேட்டிருக்கிறார். பேசாமல் மீன் பிடிக்கப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"நாய் மூணு இருக்கு," என்றார் லின்ஸி. "அதுங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. மிளா மானை ஓட்டிக்கிட்டு வந்து என் முன்னாடி நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாக்குதுங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

வலது தோளில் ஊன்றி, முகத்தின் குறுக்கே வளைந்து, குழலை இடது கண்ணுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிற கட்டை வேண்டும். நெல்டா அப்படி ஒன்றைச் செய்ததில்லை. நேர் மரத்தை அந்த வளைவுக்கு வெட்டினால் ரேகை குறுக்கே போகும், நாலாவது குண்டில் பிளந்துவிடும். மரமே வளைந்து வளர்ந்திருக்க வேண்டும். பரணில் ஒரு வால்நட் மரத்துண்டு கிடந்தது. கிளை பிரிகிற கவட்டையில் அறுத்தது, வளைசல், எதற்கும் ஆகாது என்று ஐந்து வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தது. கீழே இறக்கித் தண்ணீரைத் தெளித்துத் துடைத்ததும் ரேகை ஆற்று நீர்போல வளைந்து ஓடுவது தெரிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் நாளே, பல் கூடத்துப் பழக்கதோஷத்தில், துப்பாக்கியின் இரும்புப் பகுதிக்கு ரப்பர்க் குழம்பில் ஓர் அச்சு எடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்டார். அளவுக்கு என்றாள். அவர் போன மறுநாள் அந்த அச்சில் பிசினை ஊற்றி இறுகவைத்தாள். இரும்பு எப்படியோ அப்படியே ஒரு நகல் கையில் வந்தது. மயிரிழை பிசகவில்லை. அதை வைத்து முழுக் குடைவேலையையும் அவர் இல்லாமலே முடித்துவிடலாம். முகம் பார்க்க ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை, அவர் வந்தால் போதும்.

அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அலமாரியில் பழைய பல் அச்சுகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, லின்ஸியைக் கூப்பிட்டு வியாழக்கிழமை வர முடியுமா என்று கேட்டாள்.

பதினோரு வியாழக்கிழமை அவர் வந்தார். மலையைச் சுற்றிக்கொண்டு வர இரண்டு மணி நேரம், போக இரண்டு மணி நேரம். மனைவி பெரில் கொடுத்தனுப்பும் பழக்கேக்கை மேசைமேல் வைப்பார். ஒரு கண் போனதிலிருந்து தூரம் பிடிபடவில்லை என்றார். டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிடுகிறாராம், ஆணி என்று நினைத்துக் காற்றை அடிக்கிறாராம். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நெல்டா அவர் கைக்குள்ளேயே கோப்பையைக் கொடுக்கப் பழகிக்கொண்டாள். அவள் கறுப்புக் காபி குடிக்கிறவள், அவருக்காகப் புதன்கிழமைதோறும் பால் வாங்கினாள். கொட்டகையைக் கூட்டினாள். வியாழன் காலையில் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டாள். அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அதில் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை. எதிரே ஒரு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அது போதும்.

சிக்கல் என்னவென்றால் மற்ற ஆறு நாளும் கை சும்மா இருக்காது. அலமாரியிலிருந்து நகலை எடுத்து வேலை பார்ப்பாள். வேலை முன்னால் ஓடிவிடும். வியாழனுக்கு ஏதாவது மிச்சம் வைத்தாக வேண்டுமே என்று இங்கே ஒரு சீவல், அங்கே ஒரு சீவல் மரத்தை விட்டுவைப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை தன்னை மறந்து உட்புறம் முழுவதையும் முடித்துவிட்டாள். வியாழனன்று லின்ஸிக்கு முன்னால் கரியைத் தடவி, தட்டி, எடுத்து, ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டி, "இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றாள். அவர் குனிந்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

ஜூன் மாதக் குளிர்காலம், பதினோராவது வியாழன், பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். பத்து மணிக்கு வருகிறவர் பதினொன்றரை ஆகியும் வரவில்லை. வண்டி வந்து நின்றபோது ஓட்டுநர் பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடி இல்லை, கம்பிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. எதிரே வந்த, மரம் ஏற்றின லாரி உரசியிருக்கிறது. அவருடைய குருட்டுப் பக்கம். லாரி எவ்வளவு நெருங்கி வந்தது என்று அவருக்குத் தெரியவே இல்லை. சத்தத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல, கண்ணாடிதான்," என்றார். "பெரில்கிட்ட வாசல் கேட்டுல இடிச்சேன்னு சொல்லிக்கிறேன்."

காபிக் கோப்பையை வாங்கினபோது பாதி அவர் சட்டையில் சிந்தியது. நெல்டா எழுந்து அலமாரியைத் திறந்தாள். நகலை எடுத்துவந்து அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

அவர் கையில் எடுத்தார். விரலால் திருகாணித் துளைகளைத் தொட்டுப் பார்த்தார். மாடு மேய்க்கிறவர் என்றாலும் புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இது எப்ப செஞ்சது?"

"நீங்க முதல் தடவை வந்துட்டுப் போன மறுநாள்."

"அப்ப நான் எத்தனை தடவை வந்திருக்கணும்?"

"ரெண்டு."

அவர் தலையாட்டினார். நகலை மேசையில் வைக்கப் போனார், விளிம்பு தப்பிப்போய்த் தரையில் விழுந்து ஒரு மூலை உடைந்தது. இருவரும் குனியவில்லை. ஏன் என்று அவர் கேட்பார் என்று நெல்டா காத்திருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை.

"விலை சொல்லுங்க," என்றார்.

"மரத்துக்கு மட்டும் கொடுங்க. வேற வேண்டாம்."

"அது இல்ல. எனக்கு இனாம் வேண்டாம். நிஜமா வேலை பாத்தது எத்தனை மணி நேரம், அதுக்கு என்ன கூலி, அதைச் சொல்லுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் உட்கார்ந்து எண்ணினாள். வியாழக்கிழமைப் பொய் வேலையையெல்லாம் தள்ளினாள். அரம் பிடித்தது, குடைந்தது, வளைவுக்காக மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது எல்லாம் சேர்ந்து நூற்று இருபத்து நான்கு மணி. மணிக்கு இருபத்தைந்து டாலர் என்றாள். மரத்தோடு மூவாயிரத்து நானூறு.

லின்ஸி முனகவில்லை. "ஒன்பது தடவை பெட்ரோலைக் கழிச்சுக்கிறேன், ஒரு கண்ணாடியும்," என்றார். காசோலையை மேசைமேல் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோடு தவறாமல் மெதுவாக எழுதினார். அதற்கப்புறம் அவளை முகத்துக்கு அளவு பார்க்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார், திறந்தார். குழல் இடது கண்ணுக்கு நேரே நின்றது. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல் பார்த்தாள்.

எண்ணெய் பூச இரண்டு வாரம் ஆனது. ரஸ்ஸல் அந்தப் பக்கம் போகிற வேலை இருந்ததால் அவனே கட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் ஏன் வரவில்லை, என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டான். அவள் சொன்னாள், எதையும் மறைக்கவில்லை. ரஸ்ஸல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். என் கட்டைக்கும் இப்படித்தானா என்று கடைசியில் கேட்டான். உன்னையும் ஆறு தடவை தேவையில்லாமல் வரவைத்தேன் என்றாள்.

"எங்க வீட்டுக்குச் சாப்பிட வான்னு உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடலையே நான்," என்றான். அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை. கூப்பிட நினைத்து மறந்துபோகிற ஆள் அவன்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் எதிரிலேயே அச்சு எடுத்தாள், இரண்டு தடவை வந்தால் போதும் என்றாள். மணிக்கு இன்ன கூலி, மரம் தனி என்று ஒரு அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினாள். பாதிப் பேர் அட்டையைப் படித்துவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். மிச்சப் பேர் சொன்ன தேதிக்கு வந்து, அளவு கொடுத்து, சொன்ன தேதிக்கு எடுத்துப்போனார்கள். வேலை முன்பைவிட நன்றாக வந்தது. ஜூலை, ஆகஸ்ட் முழுக்கக் கொட்டகைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான். சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிப் பார்ப்பாள், குரல் இருக்கிறதா என்று. கரகரவென்று வரும்.

அக்டோபரில் ஒரு காலை தொலைபேசி அடித்தது.

"நான் பெரில் கிராடக். என் வீட்டுக்காரருக்கு நிமோனியா வந்து பத்துக் கிலோ குறைஞ்சுபோச்சு. கன்னம் ஒட்டிப்போனதுல உங்க கட்டை இப்ப பொருந்தலைங்கிறாரு. அவரை நான் அனுப்பப்போறதில்ல. நீங்க வாங்க."

நெல்டா தோல் துண்டுகளையும் பசையையும் எடுத்துக்கொண்டு போனாள். வீடு நிறைய ஆட்கள். மகன், மருமகள், அவள் அண்ணன், தொட்டிலில் ஒரு பெண் குழந்தை, வாசலில் மூன்று நாய்கள். இத்தனை பேருக்கு நடுவிலிருந்துதான் அவர் வந்துபோனார் என்பது அவளுக்குப் புதிதாகத் தைத்தது. லின்ஸி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார், சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆகஸ்டில் ஒரு மிளாக் கிடா விழுந்தது என்றார். அதற்கு முன் இரண்டு தப்பிவிட்டன. "நாய்ங்க இப்ப பரவாயில்ல, மரியாதையாப் பாக்குதுங்க."

கன்னம் பதிகிற இடத்தில் மூன்று அடுக்குத் தோலை வைத்து உயர்த்தினாள். அரைமணி நேர வேலை. சரியாக இருக்கிறது என்றார். விலை கேட்டார், முப்பது டாலர் என்றாள், கொடுத்தார். அவள் கிளம்ப எழுந்தபோது, சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். மிளாக் கறியும் சுட்ட பூசணியும் சாப்பிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவளுக்கு யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

பாத்திரம் கழுவும்போது பெரில் துணியை அவள் கையில் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள்.

"கண்ணாடி கேட்டுல இடிச்சுதுன்னாரு. நான் என்ன பாப்பாவா? கேட்டு மேல ஒரு கீறல் இல்ல." தட்டை அலசினாள். "உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு, மறைக்கல. அந்த ரோட்டுல அவரு செத்திருப்பாரு. ஆனா கண்ணு போனதுக்கப்புறம் அவரு மூஞ்சி மழிச்சது அந்தப் பதினோரு வியாழக்கிழமை மட்டும்தான். இது ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க."

நெல்டா தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

"பேச ஆள் வேணும்னா பேச ஆள் வேணும்னு சொல்லியிருக்கலாம்," என்றாள் பெரில்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பெரில் அடுத்த தட்டை நீட்டினாள்.

அதற்குப் பிறகு அவர்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பெரில் கூப்பிடுவாள், ஏதாவது ஒரு காரணம் வைத்துக்கொண்டு. நெல்டாவும் ஒரு தடவை, காரணம் எதுவும் இல்லாமல், கூப்பிட்டாள். எடுத்ததும், "சும்மாதான்," என்றாள். அதைச் சொல்வதற்கு முன் மூன்று நாள் தொலைபேசியைச் சுற்றி வந்திருந்தாள்.

லின்ஸி இன்னும் நான்கு பருவம் வேட்டைக்குப் போனார். ஐந்தாவதில் இதயம் நின்றுபோனது. அடக்கத்தன்று நெல்டா பின்வரிசையில் நின்றாள். பக்கத்தில் நின்றவர், அவரை உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டார். அளவு எடுத்திருக்கிறேன் என்றாள். அந்த ஆள் அவளைத் தையல்காரி என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து லின்ஸியின் துப்பாக்கியை விற்றுக்கொடுக்கும் பொறுப்பை ரஸ்ஸல் ஏற்றுக்கொண்டான். அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தான், பெரிலும் கூட வந்தாள். இந்த வளைசல் கட்டையோடு யாரும் வாங்க மாட்டார்கள், சாதாரணக் கட்டை ஒன்றை மாட்டினால் எண்ணூறு டாலர் வரும் என்றான். நெல்டா இரண்டு திருகாணிகளைக் கழற்றினாள். இரும்பைத் தூக்கினாள். மரம் தனியாக மேசைமேல் கிடந்தது. கன்னம் பட்டுப் பட்டுத் தோல் கறுத்திருந்தது.

"இதுக்கு மட்டும் என்ன விலை வரும்?" என்று பெரில் கேட்டாள்.

நெல்டா அதைக் கையில் எடுத்து, தோளுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவளுக்கு எங்குமே பொருந்தவில்லை.

"ஒண்ணும் வராது, பெரில். வேற யாருக்கும் ஆகாது."

"அப்ப குடுங்க."

வாங்கி, கொண்டுவந்திருந்த துண்டில் சுற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். காபி குடிக்கிறீர்களா என்று நெல்டா கேட்டாள். பெரில் வண்டிப் பக்கம் பார்த்தாள், நேரமாகிவிட்டது என்று ரஸ்ஸல் சொல்லப்போவதைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அரை மணி நேரம்தான்," என்றாள்.